பாலம் இறங்கும்போது நின்ற வண்டி

போன வாரம் சங்கீதா போன் செய்தார். அடையாறில் நான் கடைசியாக வேலை பார்த்த பிக்கப் வண்டி சர்வீஸ் சென்டரில், நான் உட்கார்ந்திருந்த அதே மேஜையில் இப்போது அவர் இருக்கிறார். வண்டி உள்ளே வந்ததும் குறை என்னவென்று கேட்டுப் பதிவு செய்வது அவர் வேலை.

"சார், ஒரு கஸ்டமர் ஏதோ சத்தம் வருதுங்கறார். நாங்க ஓட்டிப் பார்த்தா வரல. டேப்லெட்ல 'குறை தெரியவில்லை'ன்னு ஒண்ணு இருக்கு, 'ஓட்டும் முறை'ன்னு ஒண்ணு இருக்கு. எதைத் தட்டறது?"

"ரெண்டையும் தட்டாதீங்க. யார் வந்திருக்காங்க, ஓனரா டிரைவரா?"

"ஓனர்தான் சார்."

"டிரைவரை வரச் சொல்லுங்க. அவர் வந்தப்புறம் பாக்கலாம்."

"இதையெல்லாம் எங்கேயாவது எழுதி வைங்க சார். இப்ப வர்ற கரண்ட் வண்டில சைலன்சரே கிடையாது. இன்னும் கொஞ்ச நாள்ல புகைன்னா என்னன்னே எங்களுக்குத் தெரியாமப் போயிடும்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பவன் நான். தினமும் டைரி எழுதுகிற பழக்கம் உண்டு. ஆனால் டைரியில் நடந்தது மட்டும்தான் இருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று இருக்காது. அதை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்குப் புகைதான் பாடம். கறுப்பாக வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, சூடான பிறகும் நிற்காமல் வந்தால், தண்ணீர் எங்கோ உள்ளே கலக்கிறது. கண் எரிய எரியச் சைலன்சர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். மாலையில் மந்தைவெளிக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வார்.

பிறகு சின்ன பிக்கப் வண்டிகள் வந்தன. ஊரில் மீன்பாடி வண்டிகளும் மாட்டு வண்டிகளும் சுமந்ததையெல்லாம் அவை சுமக்கத் தொடங்கின. எங்கள் ஷெட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எது யார் வண்டி என்று சொல்லிவிடலாம். பூ வியாபாரியின் வண்டியில் வாடிய சம்பங்கி வாசனை. கல்யாண சமையல்காரர் வண்டியில் பழைய சாம்பார். கோடம்பாக்கத்திலிருந்து சினிமா விளக்குகள் ஏற்றிவரும் வண்டியில் சூடான ஒயர். டிரைவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். "இன்னா மச்சி, நேத்து ஹீரோயினுக்கு நீதான் லைட் புட்சியாமே?" என்று ஒருவர் கேட்பார். "ஆமா, அவங்க என்னைப் பாத்து கண்ண மூடிக்கினாங்க. லைட்டு அவ்ளோ கூசுது" என்று பதில் வரும். அந்தப் பெஞ்சு இப்போது இல்லை. ஏ.சி. அறையும் காபி மெஷினும் இருக்கின்றன.

லோடோடு எந்த வண்டியும் உள்ளே வரக்கூடாது, கழுவித்தான் கொண்டுவர வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தோம். வண்டிக்குக் கீழே படுத்து வேலை பார்ப்பவர்களுக்காகப் போட்ட விதி. தவறான விதி என்று யாருக்கும் தோன்றியதில்லை.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரராஜன். மயிலாப்பூர்க்காரர். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறையில் நாள் முழுக்க நடப்பார். சட்டையில் கறை படாது. எப்படி என்று நாங்கள் பந்தயம் கட்டிப் பார்த்திருக்கிறோம். சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. உரிமையாளரும் டிரைவரும் சேர்ந்து வந்தால், மேஜைக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் டிரைவரை உட்காரச் சொல்வார். உரிமையாளர் பக்கத்து ஸ்டூலில் உட்கார வேண்டும். பலருக்கு முகம் சுருங்கும். அவர் கண்டுகொள்ளமாட்டார். "ஓட்டறவர் பேசட்டும்" என்பார். நான் எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மோகன், இது அவர் சொன்னதா, நீங்க சொன்னதா?" என்று கேட்பார். 'வண்டி மூச்சு வாங்குது' என்று டிரைவர் சொன்னால் அதை அப்படியே எழுத வேண்டும். 'இழுவைத் திறன் குறைவு' என்று நான் எழுதினால் அடித்துவிடுவார். "மூச்சு வாங்கறதுக்கு நூறு காரணம் இருக்கும். நீங்க இப்பவே ஒண்ணைப் பிடிச்சுண்டுட்டேள்."

புகை விதிகள் கடுமையானதும் சைலன்சரின் அமைப்பே மாறியது. குழாய்க்குள் ஒரு வடிகட்டி வந்தது. புகையில் இருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி அதிகம் சேர்ந்தால் வண்டி ஓடும்போதே சூடேற்றி எரித்துவிடும். அந்தச் சூட்டை அளக்க ஒரு சென்சார். சூடு கைமீறிப் போவதாக சென்சார் சொன்னால், இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். புகை காணாமல் போனது. அதோடு கண்ணால் பார்த்துக் குறை சொல்வதும் போனது. இனி கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதபோது எங்களுக்கென்று ஒரு தயார் பதில் கொடுத்திருந்தார்கள்: டிரைவர் பாதியில் இன்ஜினை அணைக்கிறார், தாறுமாறாக ஓட்டுகிறார், ஓட்டும் முறையைத் திருத்திக்கொள்ளச் சொல்லவும்.

அந்தச் சமயத்தில்தான் தேசம்மாவின் வண்டி வந்தது.

தேசம்மா மீன் வியாபாரி. பட்டினப்பாக்கம் கரையோரம் இருந்த குடும்பம், பெரும்பாக்கம் குடியிருப்புக்கு மாற்றப்பட்டிருந்தது. கடல் தூரமாகிவிட்டதால் பிக்கப் வாங்கினார். காசிமேட்டில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, கடற்கரைச் சாலை, சாந்தோம், அடையாறு வழியாகக் கொண்டுபோய்க் குடியிருப்பில் விற்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். வண்டியை ஓட்டியவர் அவருடைய ஒரே மகளின் கணவர், கருணா.

முதல்முறை வந்தபோது கருணா நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது இது: "பாலம் இறங்கனா வண்டி படுத்துக்குது சார். எஞ்சின் லைட்டு எரியும். அப்பால மாட்டு வண்டி மாரி போவும். எவ்ளோ மிதிச்சாலும் ஏறாது."

"பாலம் ஏறும்போதா?" என்றேன்.

"இல்ல சார். ஏறச்சொல்லோ நல்லா ஏறும். இறங்கச்சொல்லோதான்."

பெஞ்சிலிருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். "நைனா, இறங்கறதுக்கு எஞ்சின் எதுக்கு? நியூட்ரல்ல உடு, அதுவே போவும்" என்றார் ஒருவர். கருணா திரும்பிப் பார்க்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் பழைய பதிவு ஒன்று இருந்தது: சைலன்சர் சூடு அதிகம். சென்சாரை மாற்றினோம். கழற்றிய சென்சாரைக் கம்பெனிக்கு அனுப்பினோம். அதில் கோளாறே இல்லை என்று பதில் வந்தது.

இரண்டாம் முறை வந்தபோது அடையாறு மேம்பாலத்தில் நானே பலமுறை ஏறி இறங்கினேன். வண்டி பூப்போல ஓடியது. மூன்றாம் முறையும் அப்படியே.

மூன்றாம் முறை தேசம்மாவும் கூட வந்திருந்தார். ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே கேட்டார்.

"வண்டில கொறை இல்லன்னு சொல்றீங்கோ. மூணு தபா சொல்லிட்டீங்கோ. அப்ப கொறை எங்க கீது? இவன் கிட்டதான கீது?"

"அத்த, நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

"நீ பேசாத. மீன் வந்து சேரச்சொல்லோ வெயில் ஏறிடுது. பொம்பளைங்க கூடையக் கவுத்துப் போட்டுக்கினு குந்திக்கினு கீறாளுங்கோ. கேட்டா வண்டி படுத்துக்குச்சுன்றான். எங்கியோ வேற லோடு அட்சிட்டு வரான் சார் இவன். எனக்குத் தெரியாதுன்னு நெனிச்சிக்கினு கீறான்."

என்னைப் பார்த்துத் தொடர்ந்தார். "நீங்க கம்பூட்டரப் பாத்து சொல்லிட்டீங்கன்னா முட்ஞ்சிது. சாவிய வாங்கிக்கினு இவன அனுப்பிடுவேன். வேற ஆளப் போட்டுக்குறேன். என் பொண்ணு என்கூடவே இருக்கட்டும். பொய் சொல்றவனோட இன்னாத்துக்கு?"

கருணா எழுந்து வெளியே போய்விட்டார். என் முன்னால் அந்தப் படிவம் திறந்திருந்தது. 'குறை தெரியவில்லை, ஓட்டும் முறை குறித்து அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதினால் என் வேலை முடிந்தது. ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வரியை ஒரு வீட்டில் யாரோ யாருக்கோ படித்துக்காட்டுவார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

சுந்தரராஜன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். பின்பக்கக் கதவில் விரலைத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, மீன் வண்டிங்கறேள். மீன் வாசனையே இல்லையே? சீயக்கா வாசனைன்னா வருது."

தேசம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நாத்தத்தோட எப்டி சார் உள்ள வரது? வண்டி வாங்கன புதுசுல சர்வீஸுக்கு வரச்சொல்லோ வாட்ச்மேன் மூக்க மூடிக்கினாரு. மேல ஏ.சி. ஷோரூமுக்கு நாலு பேரு வர எடம். அதான் மொத நாளே சோப்புத் தூள், எலுமிச்சங்கா, சீயக்கா எல்லாம் போட்டு மேல கீழ எல்லாம் தேச்சிக் கழுவிக் காய உட்டு எட்த்துக்கினு வரது. எங்க ஊட்டுப் பாத்திரங்கூட அவ்ளோ தேச்சது கெடயாது."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தபாவும்தான்."

சுந்தரராஜன் என்னைப் பார்த்தார். "மோகன், வியாதியைக் குளிப்பாட்டி அனுப்பிட்டு நாம நாடி பார்த்துண்டிருக்கோம்." அப்புறம் அந்த அம்மாவிடம், "நாளைக்கு மார்க்கெட்லேர்ந்து நேரா இங்க வாங்கோ. மீனோட, ஐஸோட. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்திக் கழுவப்படாது" என்றார்.

மறுநாள் காலை மீன் வண்டி எங்கள் முன் வாசலில் வந்து நின்றது. ஐஸ் உருகிப் பலகை இடுக்கெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் ஷோரூமைப் பார்த்துக்கொள்ளும் மேடம் கைக்குட்டையோடு இறங்கி வந்தார். "சார், மேல ஒரு ஃபேமிலி வண்டி பாத்துட்டிருக்காங்க. ப்ளீஸ்."

"இவாளும் கஸ்டமர்தானேம்மா" என்றார் சுந்தரராஜன். "வாங்கறவாளுக்கு இது தெரியறது நல்லதுதான்."

கருணா ஓட்ட, நடுவில் நான் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஜன்னலோரம் தேசம்மா. சுந்தரராஜன் தன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். கம்ப்யூட்டரை வண்டியோடு இணைத்திருந்ததால் சைலன்சர் சூடு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. திரு.வி.க. பாலம் வரை போய்த் திரும்பி மேம்பாலத்தில் ஏறினோம். எண் அளவாக இருந்தது. கருணாவின் கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. வண்டி நிற்க வேண்டுமே என்று ஒரு டிரைவர் வேண்டிக்கொண்டு ஓட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

உச்சி தாண்டி இறங்கினோம். முன்னால் ஒரு பஸ் நின்றது. கருணா பிரேக்கை மிதித்தார். பின்னால் பெட்டிகளுக்கடியில் தேங்கியிருந்த தண்ணீர் சளக்கென்று முன்பக்கம் வந்து மோதும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் திரையில் எண் எகிறியது. அந்த எண் உண்மையாக இருந்தால் சைலன்சர் உருகி ரோட்டில் ஓடியிருக்க வேண்டும். எஞ்சின் விளக்கு எரிந்தது. பாலம் முடியும் இடத்தில் வண்டி ஊர்ந்தது. பின்னால் ஹாரன்கள்.

"இதான் சார்" என்றார் கருணா. குரலில் எந்த வெற்றியும் இல்லை.

தேசம்மா திரையைப் பார்த்தார், மருமகனின் காலைப் பார்த்தார். கால் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டிருந்தது. "மெய்யாலுமே படுத்துக்குதே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஓரங்கட்டி இறங்கினோம். சுந்தரராஜன் ஸ்கூட்டரை நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைச் சட்டை முழுக்க மீன் தண்ணீர்.

"அய்யோ அய்யரே, சட்டையெல்லாம் பூட்ச்சே" என்றார் தேசம்மா.

"போறது விடுங்கோ. ஆத்துல என்ன சொல்லப்போறாளோ, அதை அப்பறம் பாத்துக்கலாம். மோகன், இறங்கும்போது முன்பக்க ஓட்டை வழியா தண்ணி குழாய் மாதிரிக் கொட்டறது. நேரா எங்க விழறதுன்னு பாருங்கோ."

குனிந்து பார்த்தேன். லோடு தட்டின் முன்மூலையில் கம்பெனியே போட்ட வடிகால் ஓட்டை. அதற்கு நேர் கீழே சைலன்சர் சென்சாரின் ஒயர் இணைப்பு. உப்பு பூத்து வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை. உப்புத் தண்ணீர் இணைப்புக்குள் புகும்போதெல்லாம் அது பொய் எண்ணை அனுப்பியது. ஏறும்போது தண்ணீர் பின்பக்கம் ஓடிவிடும். இறங்கும்போது முன்னால் வரும். சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தால் உப்பு போய்ச் சில நாள் நன்றாக ஓடும். எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்து அந்த அம்மா ஒவ்வொரு முறையும் நோயைக் கழுவிவிட்டுத்தான் எங்களிடம் அழைத்து வந்திருக்கிறார்.

கருணா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். தேசம்மா என்னிடம் மெதுவாக, "நீ சொல்லு சார் அவன் கிட்ட" என்றார்.

"என்னம்மா சொல்லணும்?"

"எதுனா சொல்லு. எனக்கு வராது."

"நீங்க சொன்னாதாம்மா சரியா இருக்கும்."

முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். பிறகு ரோட்டுக்கு எதிரே இருந்த கடையைக் காட்டி உரக்கச் சொன்னார்: "டேய் கருணா, போய் டீ குட்ச்சிட்டு வா. மெதுவா வா. மீன் எங்கியும் பூடாது."

கருணா போனார். அவர் ரோட்டைக் கடக்கும்வரை தேசம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

கண்டதை எழுதி அனுப்பியதும் கம்பெனி ஏரியா இன்ஜினியர் வந்தார். நல்ல மனிதர், சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். "மீன் தண்ணி வெளிக்காரணம் சார். வாரண்டில வராது."

"இந்த வண்டி எதுக்குச் செஞ்சது?" என்று கேட்டார் சுந்தரராஜன்.

"லோடு ஏத்தறதுக்கு."

"என்ன லோடு?"

"எது வேணா ஏத்தலாம் சார்."

"கொஞ்சம் திரும்பிப் பாருங்கோ."

அவர் முதுகுக்குப் பின்னால் கம்பெனி அனுப்பிய விளம்பரப் பலகை இருந்தது. பளபளக்கும் பிக்கப், பின்னால் கூடை கூடையாக மீன், பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஒரு பெண். இன்ஜினியர் பார்த்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். "இந்த போட்டோ எடுத்தவங்களை முதல்ல பிடிக்கணும் சார்." அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம். மற்ற கடற்கரை ஊர்களிலிருந்தும் இதே குறையைத் தேடித் திரட்டினார். பல மாதம் கழித்து, அந்த வகை வண்டிகள் அனைத்தையும் திரும்ப அழைத்து, இணைப்புக்கு மேல் ஒரு மூடியும் ஓட்டைக்கு ஒரு ரப்பர்க் குழாயும் இலவசமாகப் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனி அதை ரீகால் என்று சொல்லவில்லை. சிறப்பு சேவை என்றது. பெயர் எதுவானால் என்ன.

உரிமையாளர்களுக்குப் போன் செய்யும் வேலை என்னுடையது. அதுவே என் பணிக்காலத்தின் கடைசி வேலையாகவும் அமைந்தது. தி.நகரில் ஒருவர் குல்ஃபி செய்து தள்ளுவண்டிகளுக்கு அனுப்புபவர். குல்ஃபிப் பானையைச் சுற்றி ஐஸும் உப்பும்தான். விவரம் சொன்னேன். "உங்க வண்டி பாலம் இறங்கும்போது எப்பவாவது வேகம் குறைஞ்சுதா சார்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ராஜேந்திரன்னு ஒருத்தன் ஓட்டிட்டிருந்தான். அவன் இதையேதான் சொல்லிட்டிருந்தான் சார்."

"இப்ப அவர் இருக்காரா?"

"இல்ல சார். உங்க ஆளுங்கதானே ஓட்டும் முறை சரியில்லன்னு எழுதிக் கொடுத்தீங்க. அனுப்பிட்டேன்."

குறித்த நாளில் வண்டியை அவரே ஓட்டி வந்தார். பழக்கமில்லாத கை, வாசல் தூணை உரசாமல் நிறுத்தவே திணறினார். இறங்கியதும், "சைதாப்பேட்டைக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன் சார். வரலன்னுட்டான். நான் சொன்னா எடுபடல" என்றார். விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ராஜேந்திரன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. நான் தண்ணீர், ஓட்டை, ஒயர் எல்லாம் சொல்லி, வண்டியில்தான் கோளாறு, அவரிடம் இல்லை என்று முடித்தேன். துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இன்னாமே, கேட்டியா? வண்டிலதான் கோளாறாம். கம்பெனி சார் வந்து சொல்றாரு."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை. "நான் எப்ப இல்லன்னேன்?" என்று பதில் வந்தது.

"நீ இல்லன்னு சொல்லல. உன் அண்ணன் சொன்னான்ல, எனக்கு ஓட்டத் தெரியலன்னு, நாலு பேரு எதிர்ல." என் பக்கம் திரும்பி ஆட்டோவின் பின்சீட்டைத் துணியால் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். "குந்துங்க சார். மச்சான் கறி வாங்கப் போய்க்கீறான், வந்துடுவான். அவன் கிட்டயும் ஒரு தபா இதே மாரி சொல்லிடுங்க."

உட்கார்ந்தேன்.